திருட்டு கேசட்டுக்கு வந்த மரியாதை

மறைத்து வைத்த மைக்கில் ரசிகர் ஒருவர் பதிவு செய்த பிங்க் ஃபிளாய்ட் கச்சேரி, 50 ஆண்டுகள் கழித்துக் குழுவின் பெயரிலேயே விற்பனைக்கு வந்திருக்கிறது

சக்கர நாற்காலியில் ஓர் இளைஞர். பின்னாலிருந்து தள்ளி வருபவர் அவரது நண்பர். அரங்கு வாசலில் நிற்கும் காவலர்கள் அனுதாபத்தோடு வழிவிடுகிறார்கள். உண்மையில் அந்த இளைஞரின் கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. நாற்காலியில் மறைந்திருப்பது கனமான நகாமிச்சி 550 கேசட் ரெக்கார்டர். '70-களின் பிற்பகுதியில், லெட் செப்பலின் போன்ற ராக் குழுக்களின் கச்சேரிகளுக்கு லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர் மைக் மில்லார்ட் சென்ற விதம் இதுதான்.

அதே மில்லார்ட், 1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவில் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கச்சேரியையும் ரகசியமாகப் பதிவு செய்தார். அப்போது அந்த அரங்கில் குழு தொடர்ந்து ஐந்து இரவுகள் வாசித்தது. போலீஸ் கெடுபிடி கடுமை. கைதான ரசிகர்கள் 500-க்கும் மேல், பெரும்பாலும் கஞ்சா வைத்திருந்ததற்காக. மில்லார்டின் மைக் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அந்தப் பதிவு 2025 டிசம்பரில், 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் 50-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டது. இசைக் கலைஞர் ஸ்டீவன் வில்சன் அதன் ஒலியைச் செப்பனிட்டுத் தந்திருக்கிறார்.

இதே குழு ஒரு காலத்தில் இத்தகைய டேப்புகளால் நொந்துபோயிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1973-ல் வெளியான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' உலகெங்கும் விற்றுத் தீர்ந்தது. அடுத்த ஆல்பத்துக்காக ரசிகர்கள் காத்துக் கிடந்தார்கள். 1974 நவம்பரில் பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்த குழு, இன்னும் ஸ்டூடியோவுக்கே போகாத மூன்று புதிய பாடல்களை மேடையில் பாடியது. ஸ்டோக் நகரக் கச்சேரியை யாரோ பதிவு செய்ய, 'பிரிட்டிஷ் வின்டர் டூர் 74' என்ற பெயரில் இசைத்தட்டு கடைகளுக்கு வந்துவிட்டது. பாடல் வரிகள் அச்சிட்ட உறை வேறு. இதுதான் பிங்க் ஃபிளாய்டின் புதிய ஆல்பம் என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம்.

குழுவின் ஆத்திரம் நியாயமானது. மேடையில் பாடிப் பார்த்து, அடித்துத் திருத்திய பிறகே பாடலை ஸ்டூடியோவுக்குக் கொண்டு போவது அவர்களது வழக்கம். பாதி வெந்த சோற்றை யாரோ பானையோடு தூக்கிப் போய்ப் பந்தியில் வைத்தால் சமைப்பவருக்கு எப்படி இருக்கும்?

பூட்டின் கழுத்துக்குள் சாராயம் கடத்தியவர்களால் வந்த சொல்தான் 'பூட்லெக்'. ராக் உலகில் அது பரவியது 1969-ல், பாப் டிலனின் வெளிவராத பாடல்கள் வெறும் வெள்ளை உறையில் 'கிரேட் ஒயிட் வொண்டர்' என்ற பெயரில் விற்கப்பட்டபோது. ஆனால் பதிவு செய்தவர்கள் எல்லோரும் வியாபாரிகள் அல்ல. மில்லார்ட் தன் டேப்புகளை விற்கவில்லை. நண்பர்களுக்குக் கொடுத்த பிரதிகளில் ரகசியக் குறி வைத்தார், எது கள்ளச் சந்தைக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க. அப்படியும் அவரது பதிவுகள் இசைத்தட்டாகவும் பிறகு சி.டி.யாகவும் விலைபோயின. திருட்டுப் பதிவைத் திருடியவர்கள் மீது அவர் எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

இந்தப் பதிவுகளின் தரம் பெரும்பாலும் பரிதாபம். பாட்டைவிடப் பக்கத்து இருக்கைக்காரரின் விசில்தான் தெளிவாகக் கேட்கும். கேசட் ஒரு பக்கம் தீர்ந்து மறுபக்கம் திருப்புவதற்குள் பாட்டில் ஒரு துண்டு போய்விடும். பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும். மில்லார்டின் பெயர் நிலைத்ததற்கு அவரது தந்திரத்தைவிட அவரது காதுதான் காரணம். நல்ல மைக், சரியான இருக்கை இரண்டிலும் அவர் சமரசம் செய்துகொள்ளவில்லை.

ஸ்டோக் டேப்பில் குழுவைச் சங்கடப்படுத்திய அதே அரைகுறைத்தன்மைதான் லாஸ் ஏஞ்சலஸ் டேப்பின் மதிப்பு. அந்த ஏப்ரலில் 'விஷ் யூ வேர் ஹியர்' வெளிவர இன்னும் ஐந்து மாதம் இருந்தது. 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பாட்டின் இரு பாதிகளுக்கும் நடுவே மேடையில் இருந்தது 'ஹேவ் எ சிகார்' ஒன்றுதான். ஆல்பத்தில் அந்த இடத்தில் மூன்று பாட்டுகள் வந்துவிட்டன. அன்று பாடிய வேறு இரண்டு புதுப் பாடல்களுக்கு ஆல்பத்தில் இடமே கிடைக்கவில்லை. அவை 1977-ல் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் 'ஷீப்', 'டாக்ஸ்' என்று பெயர் மாறி, வரிகளும் மாறி வந்தன. ஒரு பாட்டு எப்படி வளர்ந்தது என்பதை ஸ்டூடியோ ஆல்பம் மட்டும் வைத்துக்கொண்டு தெரிந்துகொள்ள முடியாது.

எல்லாக் குழுக்களும் ரசிகரின் மைக்கை விரட்டவில்லை. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் 1984-ல் பதிவு செய்ய வருபவர்களுக்கென்று அரங்கில் தனிப் பகுதியே ஒதுக்கியது. சட்டம் எதிர்த்திசையில் போனது. கலைஞரின் அனுமதியின்றி மேடை இசையைப் பதிவு செய்வதை அமெரிக்கா 1994-ல் மத்திய சட்டம் இயற்றித் தடுத்தது.

மில்லார்ட் இறந்ததும் அதே 1994-ல்தான். மூல டேப்புகளை அவரே அழித்துவிட்டார் என்ற பேச்சு ரசிகர்களிடையே பல ஆண்டுகள் உலவியது. ஆனால் அவை அழியவில்லை. அண்மை ஆண்டுகளில் ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்கு மாற்றப்பட்டுக் கேட்கக் கிடைத்தன. பிங்க் ஃபிளாய்டின் புதிய பதிப்பு பற்றிய அறிவிப்பில் அந்தக் கச்சேரியைப் பதிவு செய்தவர் என்று மைக் மில்லார்டின் பெயரே இடம் பெற்றது.