பட்டியலில் உங்கள் பெயர் எங்கே?

ரேஷன் கடையில் வரிசை நிற்கிறது. ஒரு அம்மாவின் முறை வருகிறது. "பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே அம்மா" என்கிறார் கடைக்காரர். அம்மா வெறும் பையோடு திரும்புகிறார். பெயர் உண்மையிலேயே இல்லையா? யார் பார்த்துச் சொல்வது?

அவரே பார்க்கலாம். 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதன்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம் உண்டு. ரேஷன் பதிவேடுகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் கடைவாரியான பட்டியலே இணையத்தில் இருக்கிறது.

ஆனால் பட்டியல் மிக நீளம். நூற்றுக்கணக்கான பெயர்கள். புதிதாகப் படிக்கக் கற்றவர் ஒவ்வொரு வரியாகப் படித்தால் கண் வலிக்கும். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவார். பாதியில் எழுந்து வந்துவிடத் தோன்றும்.

இதற்கு இரண்டு விசைகள் போதும். கம்ப்யூட்டரின் கீபோர்டைப் பாருங்கள். கீழ் வரிசையில், இடது ஓரத்தில் இருப்பது பெரும்பாலும் கண்ட்ரோல் விசை. அதை ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். விடாமல், எஃப் என்ற ஆங்கில எழுத்து உள்ள விசையை ஒரு முறை தட்டுங்கள். எஃப் எது என்று தெரியவில்லையா? விரலால் தடவிப் பாருங்கள். நடு வரிசையில் இரண்டு விசைகளில் மட்டும் சிறு மேடு இருக்கும். இடது பக்கம் இருப்பதுதான் எஃப். ஆங்கிலம் படிக்காதவரும் கண்டுபிடிக்கலாம்.

இப்போது திரையில் ஒரு சிறு பெட்டி வரும். அதில் உங்கள் ரேஷன் அட்டை எண்ணை அடியுங்கள். பட்டியலில் அந்த எண் இருந்தால், அந்த இடம் வேறு நிறத்தில் தெரியும்.

பெயரை அடித்தால் என்ன? அடிக்கலாம். ஆனால் பெயரை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறு மாதிரி எழுதுவார். ஓர் எழுத்து மாறினாலும் கம்ப்யூட்டர் "இல்லை" என்றே சொல்லும். அதற்கு மனிதரைப் போல ஊகிக்கத் தெரியாது. எண்ணை அடிப்பதே நல்லது. பெயர்தான் கையில் இருக்கிறது என்றால், முதல் சில எழுத்துகளை மட்டும் அடியுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டியல் பல பக்கங்களாக இருக்கலாம். திரையில் இருக்கும் பக்கத்தில் மட்டுமே கம்ப்யூட்டர் தேடும். அடுத்த பக்கத்துக்குப் போய் மறுபடியும் தேட வேண்டும். சில பட்டியல்களைப் படம் பிடித்துப் போட்டிருப்பார்கள். அவற்றில் இந்த முறை பலிக்காமல் போகலாம். அங்கே கண்ணால்தான் தேட வேண்டும். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கூட்டல் குறி உள்ள விசையைத் தட்டுங்கள். எழுத்து பெரிதாகும். கண்ணாடி கொண்டு வராத நாளில் இது பெரிய உதவி. கண்ட்ரோலுடன் பூஜ்யத்தைத் தட்டினால் பழைய அளவு வந்துவிடும்.

எண் கிடைத்துவிட்டதா? கண்ட்ரோலுடன் பி எழுத்தைத் தட்டினால் அச்சிடும் வழி திறக்கும். பிரிண்டர் இருந்தால் பக்கத்தைத் தாளில் எடுக்கலாம். கடைக்காரரிடம் வாயால் வாதாடுவதைவிட அந்தத் தாளைக் காட்டுவது மேல். அப்போதும் தானியம் தரவில்லை என்றால், மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரிடம் மனுவோடு அதைக் கொடுக்கலாம். அந்த அலுவலர் பதவியும் இதே சட்டத்தில் உள்ளதுதான்.

சேவை மையத்துக் கம்ப்யூட்டரில் எத்தனையோ பேர் உட்காருவார்கள். கைப்பேசி எண், ஆதார் எண் கொடுத்து எந்தப் பக்கத்துக்குள்ளாவது போயிருந்தால், முதலில் "லாக் அவுட்" கொடுத்து வெளியே வாருங்கள். பக்கத்தை மூடினால் மட்டும் போதாது. கண்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூடிய பக்கம் மறுபடி திறந்துவிடும். அடுத்து உட்காருபவருக்கும் அது தெரிந்திருக்கலாம்.