வீட்டு வாசலில் தொடங்கும் வழி

பிள்ளைகளின் கையிலிருக்கும் அந்தச் சிறு திரைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேளாத பெற்றோர் இன்று இல்லை. கேட்டுவிட்டு விடைக்குக் காத்திராமல் கருவியைப் பிடுங்கி வைப்போர் பலர். கேட்காமலேயே விட்டுவிடுவோர் அதனினும் பலர். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் உண்டு. பிள்ளையின் அருகே அமர்ந்து, அவன் எங்கே போகிறான், எந்த வழியாகப் போகிறான் என்று சற்றே பார்ப்பது. அப்படிப் பார்க்க விழைவோருக்காகவே இக்கட்டுரை.

உலகெங்கும் பிள்ளைகளை ஈர்த்திருக்கும் 'போக்கிமான்' என்னும் வீடியோ விளையாட்டைப் பெரும்பாலோர் விநோதப் பிராணிகள் ஒன்றோடொன்று மோதும் ஆட்டம் என்றே அறிந்திருக்கிறார்கள். மோதல் அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த ஆட்டத்தின் உயிர்நாடி மோதலில் இல்லை, வழிகளில் இருக்கிறது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நடந்து செல்லும் சிறுவன், வழியிலுள்ள புல்வெளி, காடு, குகை, கடல் ஆகியவற்றில் வாழும் பிராணிகளைக் கண்டு, பிடித்து, பழக்கி, பட்டியலிடுகிறான். கதை அவ்வளவே. அந்த நடையிலேதான் பிள்ளைகள் தங்களை மறக்கிறார்கள்.

குளங்களை இழந்த சிறுவன்

இவ்விளையாட்டை உருவாக்கிய சத்தோஷி தஜிரி 1965-ஆம் ஆண்டு பிறந்தவர். தோக்கியோ மாநகரின் புறப்பகுதியான மச்சிதாவில் வளர்ந்தார். அவருடைய இளம் பருவத்தில் அப்பகுதியில் வயல்களும் குளங்களும் மரத்தோப்புகளும் இருந்தன. பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. எந்த மரத்தில் எந்த வண்டு வரும், எந்தக் கல்லைப் புரட்டினால் எது ஓடும் என்று அறிந்து வைத்திருந்த சிறுவன் அவர். பின்னர் நகரம் பெருத்தது. குளங்கள் தூர்ந்தன, வயல்கள் கட்டடங்களாயின. தாம் அனுபவித்ததை அடுத்த தலைமுறை அறியாமலே போய்விடுமே என்னும் ஏக்கம் அவர் உள்ளத்தில் தங்கிவிட்டது.

1983-இல் கையெழுத்துப் பிரதியாக விளையாட்டு இதழ் ஒன்றைத் தொடங்கினார். அவ்விதழின் பெயராலேயே 1989-இல் 'கேம் ஃப்ரீக்' என்னும் நிறுவனம் உருவாயிற்று. இரண்டு 'கேம் பாய்' கருவிகளை ஒரு கம்பியால் இணைக்கலாம் என்று கண்டபோது, அக்கம்பியின் வழியே பூச்சிகள் ஊர்ந்து செல்வதாக அவர் மனக்கண்ணில் கண்டாராம். அக்காட்சியே வித்து. ஏறத்தாழ 6 ஆண்டுகள் உழைத்தபின், 1996 பிப்ரவரி 27 அன்று 'போக்கிமான்' சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக ஜப்பானில் வெளிவந்தது. ஒரு பதிப்பில் கிடைக்கும் சில பிராணிகள் மற்றதில் கிடையா. எனவே பட்டியலை நிறைவு செய்ய விரும்பும் சிறுவன், இன்னொரு சிறுவனைத் தேடிச் சென்று பண்டமாற்றுச் செய்தே ஆக வேண்டும். தனித்து அமர்ந்து முடிக்க முடியாதபடி அந்த ஆட்டம் அமைக்கப்பட்டிருந்தது.

1-ஆம் வழியும் ஒருபக்கத் திட்டும்

முதல் விளையாட்டின் நிலப்பரப்புக்குப் பெயர் கான்டோ. அதில் 25 வழிகள் உள்ளன. அவற்றுக்கு அழகிய பெயர்கள் இல்லை. நெடுஞ்சாலைகளைப் போல எண்களே பெயர்கள். பாலெட் என்னும் சிற்றூரில் தாயோடு வாழும் சிறுவனின் வீட்டு வாசலைத் தாண்டியதும் வடக்கே 1-ஆம் வழி தொடங்குகிறது. உயர்ந்த புல்லுக்குள் கால் வைத்தால் எந்த அடியில் பிராணி எதிர்ப்படும் என்று சொல்ல இயலாது. ஆனால் இம்முதல் வழியில் எதிர்ப்படுபவை பிட்ஜி என்னும் சிறு பறவையும் ரட்டாட்டா என்னும் எலியும் மட்டுமே. புதிதாக நடக்கத் தொடங்குகிறவனை அச்சுறுத்தலாகாது என்னும் கரிசனம் அதில் தெரிகிறது.

அவ்வழியில் இன்னொரு நுட்பமும் உண்டு. குறுக்கே சிறு சிறு மண் திட்டுகள் இருக்கின்றன. மேலிருந்து கீழே குதிக்கலாம். கீழிருந்து மேலே ஏற முடியாது. ஆகவே, வடக்கே போகும்போது புல்லுக்குள் புகுந்து சுற்றிச் செல்ல வேண்டும். வீட்டுக்குத் திரும்பும்போதோ திட்டுகளைத் தாண்டித் தாண்டி விரைவில் வந்துவிடலாம். போவது கடினம், திரும்புவது எளிது. வீட்டை விட்டு முதன்முதலாகப் புறப்படும் பிள்ளைக்கு இதைவிடத் தெம்பூட்டும் வழியை எவர் அமைக்கக்கூடும்?

அதே திட்டு 4-ஆம் வழியில் வேறு பாடம் புகட்டுகிறது. மூன் மலையின் குகையைக் கடந்து செருலியன் நகரை நோக்கிக் கீழே குதித்துவிட்டால், வந்த வழியே திரும்ப முடியாது. தேவையானவற்றைக் குகையிலேயே தேடி எடுத்துக்கொண்டோமா என்று குதிக்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த ஆசிரியரும் சொல்லிக் கொடுக்காமல் இதைப் பிள்ளை தானே உணர்ந்துகொள்கிறான்.

பயணத்துக்கான முன்னேற்பாட்டையும் இவ்வழிகள் வற்புறுத்துகின்றன. விரிடியன் காட்டில் வீடில் என்னும் நச்சுப் புழு கொட்டினால், நடக்கும் ஒவ்வொரு 4 அடிக்கும் பிராணியின் வலிமை ஒரு புள்ளி குறையும். மாற்று மருந்து கையில் இல்லாதவன் அடிகளை எண்ணிக்கொண்டே அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். பிராணிகள் நெருங்காமல் காக்கும் மருந்துத் தெளிப்பான் 100 அடிகளுக்குப் பயன்படும். துணைப் பிராணிகள் அனைத்தும் சோர்ந்து வீழ்ந்தால், கையிலுள்ள பணத்தில் பாதி போய், கடைசியாக இளைப்பாறிய இடத்துக்கே திரும்ப நேரிடும். இவற்றையெல்லாம் கணக்கிட்டுத்தான் சிறுவன் ஊரை விட்டுக் கிளம்புகிறான்.

தடைகள் திறக்கும் விதம்

வழிகளை மறிக்கும் தடைகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை வலிமையால் திறப்பவை அல்ல என்பதே வியப்பு. நடுநாயகமாக விளங்கும் சாஃப்ரன் நகரின் நான்கு வாயில்களிலும் காவலர்கள் நின்று உள்ளே விட மறுக்கிறார்கள். அவர்களோடு சண்டையிட வேண்டியதில்லை. தாகத்தோடு நிற்கும் அவர்களுக்குக் குடிக்க ஏதேனும் கொடுத்தால் போதும். மேற்கேயுள்ள செலடான் நகரின் பெரிய கடையில் மாடியில் இருக்கும் எந்திரத்தில் அது கிடைக்கிறது. ஒருவருக்குக் கொடுத்தால் அவர் தம் தோழர்களோடு பகிர்ந்துகொள்கிறார். நான்கு வாயில்களும் திறக்கின்றன. துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் தலைவர் கடற்பயணக் குமட்டலால் வருந்துகிறார். அவர் முதுகை நீவிவிட்டால், வழியை அடைத்து நிற்கும் மரங்களை வெட்டும் வித்தையை அளிக்கிறார். 12-ஆம் வழியிலும் 16-ஆம் வழியிலும் ஸ்னோர்லாக்ஸ் என்னும் பெரும் பிராணி குறுக்கே படுத்து உறங்குகிறது. ஒரு முதியவர் தரும் குழலை ஊதினால்தான் அது விழிக்கும்.

கடையில் மிதிவண்டி ஒன்று 10 லட்சம் விலையில் இருக்கிறது. அவ்விளையாட்டில் ஒருவன் வைத்திருக்கக்கூடிய மிக அதிகமான பணமே 9,99,999 தான்! எவ்வளவு சேர்த்தாலும் விலைக்கு வாங்க முடியாது. வேறோர் ஊரில் தம் பிராணியைப் பற்றிப் பெருமை பேசும் பெரியவர் ஒருவரின் பேச்சைப் பொறுமையோடு கேட்டால், அந்த மிதிவண்டிக்கான சீட்டு இலவசமாகவே கிடைக்கிறது. பெரியவர்கள் பேசும்போது செவிமடுப்போருக்குக் கிடைக்கும் பரிசு என்று இதை நம் வீடுகளில் சொல்லிக் காட்டலாம்.

மீண்டும் வந்த இடம்

25 வழிகளும் ஒரு பெரு வட்டமாகச் சுழன்று வருகின்றன. தொடக்கத்தில் கடந்துபோன 2-ஆம் வழியின் கிழக்கோரம் மரங்களால் அடைபட்டிருக்கும். தொலைவிலுள்ள 11-ஆம் வழியருகே ஒரு குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால், அந்தப் பழைய 2-ஆம் வழியின் மறுபக்கத்தில் நிற்கிறோம்! மரத்தை வெட்டும் வித்தை இப்போது கையில் இருப்பதால் பாதை திறக்கிறது. முன்பு எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். 10 வகைப் பிராணிகளைப் பிடித்திருந்தால், இருள் சூழ்ந்த குகையில் ஒளியேற்றும் வித்தையைத் தருகிறார்.

இரண்டாவது ஊரிலேயே இருக்கும் போட்டிக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. அது எட்டாவதும் கடைசியுமான கூடம் என்பது பின்னரே தெரிகிறது. சிறுவனின் ஊருக்குத் தெற்கே முதல் நாளிலிருந்தே கடல் தெரிகிறது. அக்கடலைக் கடந்தால் சின்னபார் தீவு. ஆனால் நீந்தும் வித்தை இல்லாத காரணத்தால், நிலமெல்லாம் சுற்றிய பின்னரே அவன் அத்தீவை அடைகிறான். அங்கிருந்து 21-ஆம் வழியில் வடக்கு நோக்கி நீந்தினால், கரையேறுவது சொந்த ஊரில்! தேடிச் சென்ற தொலைவு வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது என்று அறியும் அக்கணத்தைப் பிள்ளைகள் எளிதில் மறப்பதில்லை.

மெய்யான நிலத்தின் நிழல்

கான்டோ என்பது கற்பனைப் பெயரன்று. தோக்கியோ அமைந்துள்ள ஜப்பானியப் பகுதியின் மெய்ப்பெயரே அது. 2002-இல் வந்த ஹோயென் நிலப்பரப்பு, கியூஷு தீவின் வரைபடத்தைத் திருப்பி வைத்து அமைத்தது. அதன் 113-ஆம் வழியில் எரிமலைச் சாம்பல் பனிபோல் உதிர்ந்துகொண்டே இருக்கும். சிறுவன் நடந்து சேர்க்கும் சாம்பலைக் கொண்டு ஒருவர் கண்ணாடிப் பொருள்கள் செய்து தருவார். கியூஷுவில் சகுராஜிமா எரிமலையின் சாம்பல் ககோஷிமா நகர மக்களின் மீது உதிர்வது மெய்யான நிகழ்ச்சி. 2006-இல் வந்த சின்னோ, வடக்கே பனி மிகுந்த ஹொக்கைதோவைத் தழுவியது. அதன் 217-ஆம் வழியில் ஆழ்ந்த பனி காலை இழுக்கும். பூகோளப் படத்தை விரித்து வைத்து, விளையாட்டின் வழிகளையும் மெய்யான நிலத்தையும் ஒப்பிட்டுக் காட்டினால், பிள்ளை ஒரு பாடத்தை மகிழ்ச்சியோடு கற்பான்.

விழிப்பு தேவைப்படும் இடங்கள்

நன்மையை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையாகாது. முதல் விளையாட்டின் செலடான் நகரில் சூதாட்ட எந்திரங்கள் நிறைந்த கூடம் ஒன்று உண்டு. அதன் அடித்தளம் கொள்ளைக் கூட்டத்தின் மறைவிடம் என்று கதை சொன்னாலும், சிறுவனும் அங்கே காசு போட்டு ஆட முடியும். 2010-இல் வெளியான சர்வதேசப் பதிப்பில் அவ்வெந்திரங்கள் நீக்கப்பட்டு எண் புதிர் ஒன்று வைக்கப்பட்டது. அதன்பின் வந்த முதன்மை விளையாட்டுகளில் அவ்வசதி இல்லை. பழைய பதிப்பை ஆடும் பிள்ளையிடம், அக்கூடம் எத்தகையது என்று பெற்றோர் விளக்கிச் சொல்வது கடமை. 2001-இல் சவூதி அரேபியா போக்கிமான் விளையாட்டுகளையும் சீட்டுகளையும் தடை செய்தபோது, சீட்டுப் பரிமாற்றம் சூதாட்டத்தை ஒத்திருக்கிறது என்பது காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று.

2016 ஜூலையில் வந்த 'போக்கிமான் கோ' கைப்பேசியில் ஆடப்படுவது. அதில் வழிகள் கற்பனையல்ல, மெய்யான தெருக்களே. 2, 5, 10 கிலோமீட்டர் நடந்தால் பொரியும் முட்டைகள் உண்டு. நடக்க வைப்பது நன்றே. ஆனால் கண் திரையிலும் கால் சாலையிலும் இருப்பது ஆபத்து. மெய்யான பணம் கொடுத்துப் பொருள் வாங்கும் வசதியும் அதில் இருப்பதால், பெற்றோரின் பணக் கணக்குப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் இருப்பது நல்லது.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவது, நேரத்துக்கு வரம்பு வையுங்கள். பழைய பதிப்புகளில் மோதல் நடக்கும் சில நிமிடங்கள் தவிர, வழியின் எந்த இடத்திலும் ஆட்டத்தைப் பதிவு செய்து நிறுத்தலாம். ஆகவே தொழுகைக்கோ உணவுக்கோ அழைக்கும்போது, 'இப்போது நிறுத்த முடியாது உம்மா' என்னும் சாக்கு நெடுநேரம் செல்லாது.

இரண்டாவது, வழிகளைப் பற்றிக் கேளுங்கள். இன்று எந்த ஊரை அடைந்தாய், எது வழியை மறித்தது, எப்படித் திறந்தாய் என்று வாப்பா கேட்கும்போது, பிள்ளை நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்லப் பழகுகிறான்.

மூன்றாவதே தலையாயது. ஒரு தாளையும் எழுதுகோலையும் கொடுத்து, நம் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், கடைவீதி, பாட்டி வீடு செல்லும் வழிகளை எண்ணிட்டு வரையச் சொல்லுங்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை, எந்தக் குளத்தில் என்ன மீன் என்று குறிக்கச் சொல்லுங்கள். பிறகு அவ்வழிகளில் அவனோடு நடந்து செல்லுங்கள். தூர்ந்த குளங்களுக்கு ஈடாக ஒருவர் ஒரு சிறு திரைக்குள் 25 வழிகளை அமைத்தார். நம் ஊரில் குளம் இன்னும் இருக்குமானால், அதன் கரைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்ல நமக்கு ஒரு மாலைப்பொழுது கிடைக்காதா?