யானைத் தடம் – 9: ஆறாவது பல்

சென்ற வாரம் தும்பிக்கையைப் பார்த்தோம். இலையைப் பறித்து வாயில் வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு யானையின் உயிரைப் பிடித்து வைத்திருப்பது கடைவாய்ப்பல். தந்தத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இந்தப் பல்லைப் பற்றிப் பேசுவதே இல்லை.

நமக்கு இரண்டு முறை பல் முளைக்கிறது, யானைக்கு ஆறு முறை. புதுப் பல் ஈறுக்கு அடியிலிருந்து மேலே வருவதில்லை. தாடையின் பின்கோடியில் உருவாகி, முன்னால் இருப்பதைத் தள்ளிக்கொண்டே நகர்கிறது. தேய்ந்த பல் முன்பக்கமாகத் துண்டு துண்டாக உடைந்து விழும். குட்டியின் முதல் பல் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். ஆறாவது பல்லோ ஓர் அடி நீளத்தை எட்டும். முப்பது, நாற்பது வயதுவாக்கில் அது வந்துவிட்டால், அதன்பின் வேறு பல் கிடையாது.

பல்லின் மேற்பரப்பில் எனாமல், டென்டின், சிமென்ட் மூன்றும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மூன்றும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை என்பதால் கடினமான எனாமல் விளிம்புகள் எப்போதும் எழுந்தே நிற்கும். நம் வீட்டு அம்மி தேய்ந்தால் கொத்துகிறவர் வர வேண்டும். இந்த அம்மி அரைக்க அரைக்கத் தன்னைத் தானே கொத்திக்கொள்கிறது.

ஒரு பல் கையில் இருந்தால் போதும், எந்த யானை என்று சொல்லிவிடலாம். ஆப்பிரிக்க யானையின் பல்லில் இந்த விளிம்புகள் சாய்சதுரமாக அகன்றிருக்கும். ஆசிய யானையின் பல்லில் நெருக்கமான இணைகோடுகளாக ஓடும். அழிந்துபோன மாமூத்தின் பல்லும் இரண்டாவது வகையை ஒத்தது. அது ஆசிய யானைக்குத்தான் நெருங்கிய சொந்தம். ஆப்பிரிக்காவிலேயே புல்வெளி யானை வேறு, மழைக்காட்டு யானை வேறு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021-இல் இரண்டையும் தனித்தனி இனமாக மதிப்பிட்டது. ஆக, இன்று உயிரோடு இருப்பவை மூன்று இனங்கள். மூன்றுமே ஆபத்தில் இருக்கின்றன. மழைக்காட்டு யானையின் நிலை மிக மோசம்.

இத்தனை பல் எதற்கு? வளர்ந்த யானை நாளொன்றுக்கு 150 கிலோ வரை தின்கிறது. மாட்டைப் போல அசைபோடும் வயிறு அதற்கு இல்லை. பெருங்குடலில் நடக்கும் நொதிப்பை நம்பித்தான் வாழ்கிறது. தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியேறிவிடும். தரத்தில் குறைவதை அளவில் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் பதினாறு மணி நேரம்கூட மேய்கிறது. புல்லில் உள்ள சிலிக்காவும் வேரோடு வரும் மண்ணும் பல்லைத் தேய்க்கின்றன. பிடுங்கிய புல்லை முன்காலில் அடித்து உதறிவிட்டு வாயில் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உதறியும் கொஞ்சம் மண் உள்ளே போகத்தான் செய்கிறது.

1980-களின் தொடக்கத்தில் யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதி யானைகளைப் பின்தொடர்ந்து, அவை 112 வகைத் தாவரங்களைத் தின்பதைப் பதிவு செய்தார். மழை விழுந்ததும் இளம்புல். கோடையில் புல் காய்ந்து சத்து குறைந்தால் இலை, பட்டை. ராகி விளையும் காலத்தில் வயல். ராகியில் புரதமும் கால்சியமும் சோடியமும் காட்டுப் புல்லைவிட அதிகம் என்பதை அவர் காட்டினார். ‘காட்டு யானை அட்டகாசம்’ என்று தலைப்பு வைப்பவர்கள் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும். விவசாயியின் இழப்பு பெரியது, அதற்கு உரிய ஈடு உடனே கிடைக்க வேண்டும். ஆனால் உண்ணிச்செடி மண்டிப் புல்லை மூடிவிட்ட காட்டுக்குள்ளேயே யானை இருந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. காட்டோரக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து உணவைத் தின்ன விடுவது அதைவிடக் கொடுமை.

ஆறாவது பல் அறுபது, எழுபது வயதில் தேய்ந்து முடிகிறது. அப்புறம் சுற்றிலும் புல் இருந்தாலும் அரைக்க முடியாது, மெலிந்து இறக்கும். 1960-களில் உகாண்டாவில் விலங்கியலாளர் ரிச்சர்ட் லாஸ் இறந்த யானைகளின் கீழ்த்தாடைகளை வரிசைப்படுத்தி, பல் தேய்மானத்தை வைத்தே அவற்றை 30 வயதுப் படிகளாகப் பிரித்தார். செத்துக் கிடக்கும் யானையின் வயதை இன்றும் அந்த வழியில்தான் கணிக்கிறார்கள்.

மென்மையான தீனி கொடுத்து மனிதர் பார்த்துக்கொண்டால் சில யானைகள் இந்த எல்லையைத் தாண்டுவதுண்டு. தைப்பே விலங்குக்காட்சி சாலையின் லின் வாங் 2003-இல் இறந்தபோது அதற்கு 86 வயது. திருவனந்தபுரத்தில் 2019-இல் இறந்த தாட்சாயணிக்கு 88 என்றார்கள். இவற்றை வைத்துக் கூண்டு வாழ்வு நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஐரோப்பிய விலங்குக்காட்சி சாலைகளில் பிறந்த ஆப்பிரிக்கப் பெண்யானைகளின் இடைநிலை ஆயுள் 17 ஆண்டுகூட இல்லை. கென்யாவின் அம்போசெலியில் இயற்கையாக இறந்தவற்றுக்கு அது 56.

வயதான யானையால் கூட்டத்துக்கு என்ன பயன் என்பதற்கு தான்சானியாவின் தராங்கிரே தேசியப் பூங்காவில் 1993-இல் நடந்தது நல்ல சான்று. கடும் வறட்சியில், ஒன்பது மாதங்களில் மூன்று கூட்டங்களின் 81 குட்டிகளில் 16 இறந்தன. முதிய பெண்யானைகள் தலைமை தாங்கிய இரண்டு கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியேறி, தீனியும் தண்ணீரும் தேடிப் போயின. 1958-61 வறட்சியில் குட்டியாக இருந்து பிழைத்த நினைவு அந்தக் கிழவிகளுக்கு இருந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மூன்றாவது கூட்டம் அங்கேயே தங்கிவிட்டது. அதிகக் குட்டிகளை இழந்ததும் அதுதான். அதன் முதிய பெண்யானைகளை, முந்தைய இருபது ஆண்டுகளில், தந்தத்துக்காகச் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

(தொடரும்)