இசைக்கருவி ஏற்றுமதியும் மரங்களின் பாதுகாப்பும்

மும்பை மாநகரில் மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகள் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடங்களாகும். 1952இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ சண்முகானந்தா சபையும், செம்பூரிலுள்ள ஃபைன் ஆர்ட்ஸ் சொஸைட்டியும் இங்குக் கர்நாடக இசையைப் பேணி வளர்த்துள்ளன. இப்பகுதி இல்லங்களில் வீணையோ மிருதங்கமோ காணப்படுவது அரிதன்று. பிள்ளைகள் அயல்நாடுகளில் குடியேறும்போது கருவிகளும் கடல் கடக்கின்றன. கையோடு எடுத்துச் செல்வோர், பார்சலாக அனுப்புவோர், வாணிபமாக ஏற்றுமதி செய்வோர் ஆகிய மூவகையினருக்கும் எழும் ஐயம் ஒன்றே: இதற்கு அரசின் அனுமதி வேண்டுமா?

கருவியின் பெயரைக் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. அது எந்த மரத்தால் ஆனது, முற்றுப்பெற்ற கருவியா அல்லது வெறும் மரத்துண்டா, மரத்தின் எடை எவ்வளவு, அனுப்பும் நோக்கம் யாது என்பனவற்றைக் கொண்டே விடை அமையும்.

ஒப்பந்தமும் பட்டியல்களும்

அழியும் அபாயத்திலுள்ள காட்டுயிர்கள், தாவரங்கள் ஆகியவற்றின் சர்வதேச வாணிபம் பற்றிய ஒப்பந்தம், 'சைட்டீஸ்' எனச் சுருக்கமாக வழங்கப்படுகிறது. 1973 மார்ச் 3ஆம் நாள் வாஷிங்டனில் கையெழுத்தான இவ்வொப்பந்தம் 1975 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976இல் இதில் சேர்ந்தது. முதற் பட்டியலில் உள்ள இனங்களைப் பொதுவாக வாணிப நோக்கில் நாடு விட்டு நாடு அனுப்ப இயலாது. இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றை ஏற்றுமதி நாட்டின் அனுமதிச் சீட்டுடன் அனுப்பலாம். மூன்றாவது பட்டியல், தனித்தனி நாடுகள் தம் இனங்களுக்குப் பிற நாடுகளின் ஒத்துழைப்பை வேண்டிச் சேர்ப்பது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2022இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், இப்பட்டியல்கள் நமது நாட்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளன. வாணிபத்தால் அவ்வினத்தின் நிலைபேற்றிற்குக் கேடில்லை என்று அறிவியல் அமைப்பு கருத்துரைத்த பின்னரே அனுமதி வழங்கப்படும்.

ஒரு பேரினம் முழுவதும்

இசைக்கருவிகளைப் பொறுத்தவரை பெரும் மாற்றம் 2016இல் ஜோஹன்னஸ்பர்க்கில் நடைபெற்ற மாநாட்டில் நிகழ்ந்தது. தமிழகத்தில் ஈட்டி, தோதகத்தி என்று வழங்கும் மரமும், வட இந்தியாவின் சீசமும், கிளாரினெட் செய்யப் பயன்படும் ஆப்பிரிக்கக் கருமரமும் டால்பெர்ஜியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கிதார் செய்வோர் பெரிதும் விரும்பிய பிரேசில் ரோஸ்வுட் 1992இலேயே முதற் பட்டியலுக்குச் சென்றுவிட்டது. எஞ்சிய இனங்கள் அனைத்தும் 2017 ஜனவரி 2 முதல் இரண்டாம் பட்டியலில் வைக்கப்பட்டன. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் விலையுயர்ந்த அறைகலன்களுக்காக இம்மரங்கள் பெருமளவில் வெட்டிக் கடத்தப்பட்டதே இதற்குக் காரணம். அறுத்த பலகையைக் கண்ணால் பார்த்து, அபாயத்திலுள்ள இனம் இது, ஏராளமாக வளரும் இனம் அது என்று சுங்க அதிகாரி பிரித்தறிய இயலாது. எனவே பேரினம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

காரணம் நியாயமானதே. ஆயினும் அதன் சுமை சீசம் மரத்தை நம்பி வாழ்ந்தோர் மீதும் விழுந்தது. சீசம் விரைந்து வளர்வது. வயல் வரப்புகளிலும் சாலையோரங்களிலும் நட்டு வளர்க்கப்படுவது. தபலாவின் வலக்கைப் பகுதி பெரும்பாலும் இம்மரத்தில்தான் குடையப்படுகிறது. வாணிபமல்லாத முறையில் 10 கிலோவுக்குள் எடுத்துச் செல்ல விலக்கு இருந்தது. அதனால் கலைஞர் தம் தபலாவுடன் விமானம் ஏறத் தடையில்லை. ஆனால் அதே தபலாவை லண்டன் கடைக்கு விற்பனைக்கு அனுப்புவோர் அனுமதி ஆவணம் பெற வேண்டியிருந்தது. பட்டியலில் சேர்க்கப்படுமுன் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாயாக இருந்த சீசம் அறைகலன், கைவினைப் பொருள் ஏற்றுமதி, அதன்பின் 500 முதல் 600 கோடி ரூபாயாகக் குறைந்தது என்றும், ஏறத்தாழ 50,000 கைவினைஞரின் பிழைப்பு பாதிக்கப்பட்டது என்றும் மத்திய அரசு கணித்துள்ளது.

சீசத்தைப் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும் என்று இந்தியாவும் அண்டை நாடுகள் சிலவும் 2019இல் ஜெனீவா மாநாட்டில் வைத்த கோரிக்கை ஏற்கப்படவில்லை. எனினும் இசைக்கருவிகளுக்கு அங்கே வழி பிறந்தது. முற்றுப்பெற்ற இசைக்கருவிகள், அவற்றின் முற்றுப்பெற்ற பாகங்கள், துணைப்பொருள்கள் ஆகியவற்றிற்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு அளிக்கப்பட்டது. 2022இல் பனாமாவில் கூடிய மாநாட்டில், ஒவ்வொரு பொருளிலும் உள்ள மரம் 10 கிலோவுக்குக் குறைவாக இருப்பின், எத்தனை பொருள்கள் ஒரே சரக்கில் சென்றாலும் சீசத்திற்குச் சைட்டீஸ் அனுமதி தேவையில்லை என்று தெளிவாக்கப்பட்டது. எடை காண்கையில் உலோகம் முதலியவை கழிக்கப்படும்.

'முற்றுப்பெற்ற பாகம்' என்பதில் ஒரு நுட்பம் உண்டு. உடனே பொருத்தத்தக்க வடிவில் செதுக்கப்பட்டிருந்தால் அது பாகம். இல்லையேல் வெறும் மரம். இவ்வேறுபாடு எத்துணை பெரிய வழக்காக வளரக்கூடும் என்பதற்கு 2011இல் அமெரிக்காவில் கிப்சன் கிதார் நிறுவனத்தில் நடந்த சோதனை சான்றாகும். இந்தியாவிலிருந்து சென்ற ஈட்டி, கருங்காலித் துண்டுகள் கிதாரின் பாகங்களா, ஏற்றுமதி தடைசெய்யப்பட்ட அறுத்த மரமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. 2012இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்நிறுவனம் மூன்று லட்சம் டாலர் அபராதம் செலுத்தியது. அது மடகாஸ்கர் கருங்காலி தொடர்பானது. இந்திய மரத்தைப் பற்றிய கேள்வி விதிகள் தெளிவுபடும்வரை ஒத்திவைக்கப்பட்டது.

வீணைக்குத் தடையில்லை

தஞ்சாவூர் வீணை பலாமரத்தால் ஆனது. மிருதங்கமும் பெரும்பாலும் அவ்வாறே. நாகஸ்வரத்திற்கு ஆச்சா மரம். மிரஜ் நகரின் தம்புராவுக்குச் சுரைக்குடுக்கை. இவற்றுள் எதுவும் சைட்டீஸ் பட்டியலில் இல்லை. எனவே கர்நாடக இசைக் கச்சேரியில் மரத்தால் வரும் தொல்லை குறைவு. தொல்லை வேறிடத்தில் உள்ளது. பாட்டி காலத்து வீணையைப் பேத்திக்கு அனுப்ப முற்படும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது அதன் ஓரங்களிலும் பிருடைகளிலும் பதிக்கப்பட்ட வெண்மையான பொருளையே. அது யானைத் தந்தமாக இருப்பின் வீணை எத்துணைப் பழமையானதாயினும் ஏற்றுமதி செய்ய இயலாது. தந்தம்போல் தோன்றும் பிளாஸ்டிக்காக இருப்பின் தடையில்லை. தெரியாத நிலையில் அறிந்தோரிடம் காட்டித் தெளிவு பெறுவதே உகந்தது. விமான நிலையத்தில் அதனை அறிய நேர்வது துன்பம் தரும்.

கஞ்சிராவின் நிலை இன்னும் கடுமையானது. மரபாக அதற்குப் போர்த்தப்பட்ட உடும்புத் தோல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கினுடையது. சைட்டீஸின் முதற் பட்டியலிலும் அது உண்டு. ஆகவே வெளிநாட்டுப் பயணம் இருக்கட்டும், உள்நாட்டில் விற்பதும் வாங்குவதுமே சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் இன்று அவ்விடத்தைப் பெற்றுள்ளன. நாதம் மாறியதாக வித்வான்கள் சிலர் குறைகூறுவது உண்மை. உடும்பின் தரப்பில் பேசுவோர் சபையில் இல்லை.

கருவியோடு அடிக்கடி பயணம் செய்யும் கலைஞருக்கு 2013இல் பாங்காக் மாநாடு ஒரு வசதி செய்தது. மூன்றாண்டுவரை செல்லுபடியாகும் இசைக்கருவிச் சான்றிதழ் அது. கடவுச்சீட்டைப் போல் ஒவ்வோர் எல்லையிலும் காட்டப்படும்; அதைக் கொண்டு கருவியை விற்க முடியாது.

சான்று காட்டும் சுமை

விலக்கு இருந்தும் சிறு பட்டறைக்காரரின் இடர் முற்றும் தீர்ந்ததெனக் கூற முடியாது. இறக்குமதி நாடு தன் சட்டப்படி மரத்தின் இனப்பெயரையும் பிறப்பிடத்தையும் கேட்கலாம். கைவினைப் பொருள் ஏற்றுமதி வளர்ச்சிக் கவுன்சில் 'விருக்ஷ்' என்னும் திட்டத்தின் கீழ், மரம் முறைப்படி வாங்கப்பட்டது என்பதைச் சரிபார்த்து ஏற்றுமதியாளருக்குச் சான்றளிக்கிறது. ஆனால் தபலாவுக்கு ஏற்ற நான்கு கட்டைகளை அறுவை ஆலையில் ரொக்கத்திற்கு வாங்குபவர் கையில், மரத்தை வெட்டியதற்கும் கொண்டுவந்ததற்குமான வனத்துறைச் சீட்டு இருப்பதில்லை. அது ஆலையோடு நின்றுவிடுகிறது. கட்டையின் விலைச்சீட்டில் மரத்தின் பெயரையும் போக்குவரத்துச் சீட்டின் எண்ணையும் குறித்துத் தருமாறு வாங்கும்போதே கேட்டுப் பெறுவது, பிறகு எந்த அலுவலகத்திலும் தேடிப் பெற முடியாத ஆவணமாகும்.