உங்களுக்குத் தெரியுமா? ஃபார்மட் அடித்த பிறகும் போகாதவை

● ஃபைலை டெலிட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டால் அது ஒழிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒழிவது ஃபைல்களின் பட்டியலில் உள்ள பதிவு மட்டும். பென் டிரைவ்களில் இன்றும் புழங்கும் ஃபேட் முறையில், பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அங்கே 'ஈ5' என்ற குறியை வைப்பார்கள். இடம் காலி என்று அதற்கு அர்த்தம். படமோ கடிதமோ, வேறொன்று மேலே வந்து எழுதப்படும் வரை அப்படியேதான் கிடக்கும். இதில் ஒரு வேடிக்கை: சில ஜப்பானிய எழுத்துகளின் குறியீடே ஈ5-ல்தான் தொடங்கும். அப்படிப் பெயர் வைத்த ஃபைல் பிறக்கும்போதே செத்ததாகத் தெரியுமே! அதற்காக 05 என்று ஒரு மாற்றுக்குறி வைத்தார்கள்.

● குவிக் ஃபார்மட் சில நொடியில் முடிந்துவிடுவதன் ரகசியமும் இதுதான். அது பட்டியலை மட்டும் புதிதாக எழுதுகிறது. முழு ஃபார்மட்? விண்டோஸ் எக்ஸ்பி வரை அதுவும் கெட்டுப்போன செக்டர் உண்டா என்று படித்துப் பார்த்ததே தவிர, எதையும் அழிக்கவில்லை. முழுக்கப் பூஜ்யம் எழுதும் வழக்கம் விஸ்டாவில்தான் வந்தது.

● 'ஓஎஸ் மாற்றிக் கொடுங்கள்' என்று கடையில் கொடுத்தால், பெரும்பாலும் சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுத் தருவார்கள். டி டிரைவில் கை வைக்க மாட்டார்கள். நமக்கு அது வசதிதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை விற்கப்போகிறோம் என்றால், கல்யாண ஆல்பமும் பான் கார்டு ஸ்கேனும் சேர்ந்தே விலை போகும்.

● சி டிரைவை ஃபார்மட் அடிக்காமலே அதன் மேல் விண்டோஸ் போட்டால், பழையது பெரும்பாலும் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

● அமெரிக்காவின் எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் இருவரும் 2000 முதல் 2002 வரை ஏலத்திலும் கடைகளிலுமாக 158 பழைய ஹார்டு டிஸ்க்குகளை வாங்கினார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றைத் துழாவியதில் 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவ விவரங்கள், சொந்தக் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. இல்லினாய் மாநிலத்து ஏடிஎம் ஒன்றிலிருந்து வந்ததாகத் தெரிந்த ஒரு டிஸ்க்கில், கணக்கு எண்களும் பணம் எடுத்த விவரங்களும் இருந்தன. தூக்கிப்போட்டவர்கள் எல்லோரும் அலட்சியக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. பல டிஸ்க்குகளில் ஃபார்மட் அடித்திருந்தார்கள். ஃபார்மட் என்றால் அழிப்பது என்று நம்பியிருந்தார்கள், அவ்வளவுதான். இந்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது.

● கண்டுகொள்ளாதது பெரிய இடமாக இருந்தால்? அமெரிக்க முதலீட்டு வங்கியான மார்கன் ஸ்டான்லி, பழைய கருவிகளை அப்புறப்படுத்தும் வேலையை, தரவு அழிப்பில் முன் அனுபவமே இல்லாத ஒரு சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனத்திடம் கொடுத்தது. அவற்றில் சில, வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்துக்கு வந்துவிட்டன. 2022-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் அது கட்டச் சம்மதித்த அபராதம் 35 மில்லியன் டாலர்.

● ஹார்டு டிஸ்க்கை 35 தடவை மேலெழுதினால்தான் சுத்தமாகும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அந்த எண், நியூசிலாந்தின் பீட்டர் குட்மன் 1996-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்று புழக்கத்தில் இருந்த பலவகை டிஸ்க்குகளுக்கும் சேர்த்து அவர் போட்ட பட்டியல் அது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35-ம் தேவைப்பட்டதே இல்லை. ஜனங்கள் அதை மந்திரம் போல ஜபிக்கத் தொடங்கியதைப் பார்த்துப் பின்னாளில் அவரே நொந்துகொண்டு விளக்கம் எழுதினார். காந்த டிஸ்க்குக்குப் பொதுவாக ஒரே ஒரு தடவை போதும் என்கிறது, 2014-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினால், 1 டிபி டிஸ்க்குக்கு ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். 35 தடவை என்றால் மூன்று நாள் நெருங்கிவிடும்.

● விண்டோஸ் 'டிஸ்க்பார்ட்' கருவியில் 'கிளீன்' என்றால் பார்ட்டிஷன் விவரம் மட்டும் போகும். 'கிளீன் ஆல்' என்றால் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் விழும். நடுவில் மனம் மாறிப் பயனில்லை. எந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தோம் என்று என்டர் தட்டுமுன் இன்னொரு தரம் பாருங்கள்.

● இந்த வித்தையெல்லாம் எஸ்எஸ்டியிடம் பலிக்காது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்துவிடும் என்பதால், புதிதாக எழுதுவதை அது வேறு இடத்தில் எழுதிக்கொள்ளும். பழையது எங்கோ தங்கிவிடும். தனி ஃபைலை மேலெழுதி அழிக்கும் எந்த முறையும் எஸ்எஸ்டியில் சரிப்படவில்லை என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள். எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் 'செக்யூர் எரேஸ்' கட்டளைதான் சரியான வழி. ஆனால் அவர்கள் சோதித்தவற்றில் ஒன்று, 'அழித்துவிட்டேன்' என்று பதில் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் உள்ளேயே வைத்திருந்தது! காந்தம் வைத்துப் பார்க்கலாமா என்றால், எஸ்எஸ்டியில் காந்தப் பதிவே கிடையாது.

● இதற்கெல்லாம் சுலபமான வழி, முதல் நாளே என்கிரிப்ட் செய்துவிடுவது. பிறகு சாவியை மட்டும் அழித்தால் போதும், மிச்சமெல்லாம் வெறும் குப்பை. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிவிடும். அதன் மீட்பு எண் 48 இலக்கம். அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மதர்போர்டை மாற்றினால் உங்கள் படங்களும் குப்பைதான்.

● 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்வெளி ஓடம் வானில் சிதறியது. அதில் இருந்த 400 எம்பி ஹார்டு டிஸ்க் ஒன்று கருகிய கட்டையாகக் கிடைத்தது. நிபுணர்கள் அதிலிருந்து ஏறக்குறைய 99 சதவீதத் தரவை எடுத்துவிட்டார்கள். அதில் பதிவாகியிருந்த, செனான் வாயுவைப் பற்றிய சோதனையின் முடிவு 2008-ல் அச்சாகியது. தரையில் போட்டு உடைத்தால் போதும் என்பவர்கள் கவனிக்க.

● விண்டோஸ் 8 காலத்திலிருந்து, கம்பெனி விண்டோஸோடு வரும் லேப்டாப்பின் லைசென்ஸ் கீ மதர்போர்டு சிப்பிலேயே இருக்கிறது. டிஸ்க்கை முழுக்கத் துடைத்து அதே பதிப்பைப் போட்டால், நெட் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். கீக்குத் தனிக்காசு கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

● மதர்போர்டு சிப்பில் கீ மட்டும்தான் தங்கும் என்றில்லை. 2018-ல் இசெட் நிறுவனம் கண்டுபிடித்த 'லோஜாக்ஸ்' என்ற கெடுநிரல் அங்கேதான் குடியிருந்தது. ஓஎஸ் புதிதாகப் போட்டாலும், ஹார்டு டிஸ்க்கையே மாற்றினாலும் அது மீண்டும் எழுந்து வரும்.

● விண்டோஸ் திறக்கவே மாட்டேன் என்கிறதா? ஃபார்மட் அடிக்குமுன் லினக்ஸ் மின்ட் என்ற ஓஎஸ் ஏற்றிய பென் டிரைவைச் செருகி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே கம்ப்யூட்டரை இயக்கலாம். என்கிரிப்ட் ஆகாத டிஸ்க்காக இருந்தால் படங்களை வெளியே எடுத்துவிடலாம்.

● சிடி டிரைவ் இல்லாதவர்களுக்காக விண்டோஸ் 95 ஃபிளாப்பியிலும் வந்தது. மொத்தம் 13. பன்னிரண்டாவது படிக்கவில்லை என்றால் எப்படி இருக்கும் என்பதை, அந்தக் காலத்து ஆள் யாரையாவது கேளுங்கள்.

● 1998-ல் பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தில் யாரோ ஒருவர் தட்டிய டெலிட் கட்டளையில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே மறையத் தொடங்கியது. பேக்கப்பைத் தேடினால், அதுவும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. பிள்ளை பெற்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஒரு பெண்மணியின் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது.

● அந்த வகைக் கட்டளைதான் 'ஆர்எம்'. லினக்ஸில் மொத்த டிஸ்க்கையும் அழிக்கச் சொல்லி அதைத் தட்டினால், 2006 முதல் அது முடியாது என்று மறுத்துவிடுகிறது. இல்லை, அழித்தே தீருவேன் என்றால் கூடவே 'நோ-பிரிசர்வ்-ரூட்' என்று முழுசாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.