மடிக்கணினியில் இணையம் மந்தமாகும்போது: தடை வீட்டுக்குள்ளா, வெளியிலா?

காலை பத்து மணிக்கு வைத்திய நிபுணருடன் காணொளி வழிச் சந்திப்பு. வீட்டின் பின்அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார் ஒரு முதியவர். திரையில் வைத்தியரின் முகம் உறைந்து நிற்கிறது. குரல் துண்டு துண்டாக வருகிறது. சில நிமிடங்களில் தொடர்பு அறுந்துவிடுகிறது. மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற நேரம் வீணாகிறது. மைகவ் கணக்கில் படிவத்தை நிரப்பி முடிக்கும் தறுவாயில் பக்கம் செயலிழப்பதும், பிள்ளைகளின் ஒப்படைப்பு கடைசி நேரத்தில் பதிவேறாமல் போவதும் இதே வகைத் தொல்லைகள்தாம்.

இந்நிலையில் குடும்பங்கள் வழக்கமாக எடுக்கும் முடிவுகள் இரண்டு: மாதக் கட்டணம் கூடிய திட்டத்துக்கு மாறுவது, அல்லது புதிய மடிக்கணினி வாங்குவது. பல வீடுகளில் இவ்விரண்டும் தேவையற்ற செலவு. தடை எங்கே உள்ளது என்பதை முதலில் கண்டறிந்தால், பணம் செலவிடாமலே தீர்வு கிடைக்கக்கூடும்.

இணையம் மடிக்கணினியை வந்தடையும் வழியில் இரு பகுதிகள் உள்ளன. தெருவிலிருந்து வீட்டிலுள்ள ரூட்டர் வரை வருவது ஒன்று. அது கம்பி வழி வருவது. ரூட்டரிலிருந்து மடிக்கணினி வரை வானொலி அலையாகச் செல்வது மற்றொன்று, அதுவே வைஃபை. முதற்பகுதியில் கோளாறு இருந்தால் அதைச் சீர்செய்யும் பொறுப்பு கட்டணம் வாங்கும் சேவை நிறுவனத்துடையது. இரண்டாம் பகுதியிலுள்ள கோளாற்றைப் பெரும்பாலும் வீட்டாரே நீக்கிக்கொள்ளலாம். "வைஃபை மெதுவாக உள்ளது" என்று இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பம் நேர்கிறது.

2025 செப்டம்பரில் நிகழ்ந்த மாற்றம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வீடு வரை ஒளியிழை இழுக்கப்பட்ட முகவரிகளிலும், கேபிள் தொலைக்காட்சிக் கம்பி வழி இணைப்புப் பெற்ற முகவரிகளிலும், 100 மெகாபிட் திட்டத்தின் பதிவிறக்க வேகத்தை என்பிஎன் நிறுவனம் 500 மெகாபிட்டாக உயர்த்தியது. ஆயினும் பின்அறையிலுள்ள பழைய மடிக்கணினி முன்பு காட்டிய அதே 30 அல்லது 40 மெகாபிட்டையே இன்றும் காட்டுகிறது எனில் அதில் வியப்பில்லை. வாசல் வரை வரும் சாலை அகன்றுவிட்டது. வீட்டுக்குள் உள்ள ஒழுங்கை அகலவில்லை.

ஒரு கம்பியால் செய்யும் சோதனை

இதற்கு வேண்டியது ஓர் ஈதர்நெட் கம்பி மட்டுமே. ரூட்டருடன் வந்த பெட்டியிலேயே அது பெரும்பாலும் இருக்கும். புதிய மெல்லிய மடிக்கணினிகளில் அதற்கான துளை இராது; யுஎஸ்பி இணைப்பி ஒன்றை வாங்கவோ, இரவல் பெறவோ வேண்டியிருக்கும்.

வீட்டில் வேறு எவரும் இணையத்தைப் பயன்படுத்தாத வேளையில், மடிக்கணினியை ரூட்டரின் அருகே கொண்டுசென்று கம்பியால் இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு, வேகச் சோதனைத் தளம் ஒன்றில் அளந்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் கம்பியைக் கழற்றி, அதே இடத்திலேயே வைஃபை வழி அளக்க வேண்டும். மூன்றாவதாக, வழக்கமாக அமரும் அறைக்குச் சென்று மீண்டும் அளக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுடனும் நாளையும் நேரத்தையும் எழுதி வைப்பது பின்னர் மிகவும் உதவும். இரவு ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் இதை ஒருமுறை திரும்பச் செய்வது நன்று. நிறுவனங்கள் தம் விளம்பரங்களில் குறிப்பிடும் "வழக்கமான மாலை வேகம்" என்பது அந்நேரத்துக்குரியதே.

கம்பியில் வேகம் சரியாக இருந்து, வைஃபையில் மட்டும் குறைந்தால் தடை வீட்டுக்குள் இருக்கிறது. கம்பியிலும் குறைந்தால் தடை வெளியிலோ, ரூட்டரிலோ இருக்கிறது. ஒரு முன்னெச்சரிக்கை: மிகப் பழைய கம்பிகள் சில 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தா. எண் 95ஐ ஒட்டியே நின்றால் கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். திட்டங்கள் மெகாபிட்டில் விற்கப்படுகின்றன. கோப்புகளைப் பதிவிறக்கும்போது கணினி பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 50 மெகாபிட் திட்டத்தில் கோப்பு ஒன்று நொடிக்கு ஆறு மெகாபைட் வீதம் இறங்கினால் ஏமாற்றம் எதுவும் நிகழவில்லை. மேலும், காணொளி அழைப்பு ஒன்றுக்கு நான்கு மெகாபிட்டுக்கு மேல் அரிதாகவே தேவைப்படும். வைத்தியருடனான சந்திப்பு அறுந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் வேகக் குறைவன்று; வைஃபை விட்டுவிட்டு வருவதே. அதிக வேகத் திட்டம் அதைக் குணப்படுத்தாது.

வீட்டுக்குள் உள்ள தடைகள்

முதலில் பார்க்க வேண்டியது ரூட்டர் இருக்கும் இடம். புதிய குடியிருப்புப் பகுதிகளில் என்பிஎன் பெட்டி பல வேளைகளில் கராஜின் சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். ரூட்டரும் அங்கேயே முடங்கிவிடும். சில வீடுகளில் அது தொலைக்காட்சிக்குப் பின்னால், அலமாரிக்குள், படங்களுக்கும் பூச்சாடிகளுக்கும் இடையில் மறைக்கப்பட்டிருக்கும். அழகுக்காகச் செய்வது அலைக்குத் தடையாகிறது. செங்கல், கொங்கிறீட், உலோகம், பெரிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி நீர் ஆகியவை வானொலி அலையை விழுங்கவோ திருப்பவோ செய்யும். வீட்டின் நடுப்பகுதியில், திறந்த இடத்தில், மேசை உயரத்துக்கு மேல் ரூட்டரை வைப்பதே சிறந்தது. நடுவே கொண்டுவர நீண்ட ஈதர்நெட் கம்பி போதும். அறைச் சுவர்களில் கணினிக்கான துளைகள் இருப்பின், கராஜிலிருந்து அவற்றின் வழியாகவே ரூட்டரைக் கூடத்துக்கு மாற்றிவிடலாம். சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ புதிய கம்பி இழுப்பதாயின், அவுஸ்திரேலியச் சட்டப்படி அதைப் பதிவுபெற்ற கம்பியாளர் மட்டுமே செய்யலாம். வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவும் வேண்டும்.

அடுத்தது அலைவரிசை. இன்றைய ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டிலேனும் இயங்குகின்றன. முன்னது தொலைவு செல்லும், ஆனால் மெதுவானது. ஒன்றையொன்று இடறாத தடங்கள் அதில் மூன்றே என்பதால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அயலாரின் ரூட்டர்கள் எல்லாம் அதில் மோதிக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவரிசையில் இயங்குவதால், உணவு சூடாகும் இரண்டு நிமிடமும் அழைப்பு தடுமாறலாம். பின்னது விரைவானது; ஆனால் சுவர்களைக் கடப்பதில் நலிவுற்றது. மடிக்கணினி ரூட்டரின் அருகிலேயே இருந்தும் 2.4இல் தொற்றிக்கொண்டிருப்பது அடிக்கடி காணப்படும் நிலை. விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ் பகுதியில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பின் வைஃபை, பின் ப்ராப்பர்டீஸ் எனச் சென்றால் "நெட்வொர்க் பேண்ட்" என்ற வரியில் எந்த அலைவரிசை என்பது தெரியும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை குறியைச் சொடுக்கினால் அதே விவரம் தோன்றும். ரூட்டரின் அமைப்பில் இரண்டு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் இட்டுவிட்டால், வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது எளிது.

பலர் அறியாத இன்னொரு காரணமும் உண்டு. மடிக்கணினியில் செருகப்படும் யுஎஸ்பி 3 வகை வெளித்தட்டும் இணைப்பிப் பெட்டியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இரைச்சலை உண்டாக்கக்கூடியவை. அவற்றைக் கழற்றியதும் வேகம் மீண்டால் காரணம் அதுவே. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் தொல்லை தீரும்.

கிரானி ஃப்ளாட்டில் பெற்றோர் வசிக்கும் குடும்பங்களுக்கு இது தனிச் சிக்கல். இரண்டு வெளிச்சுவர்களையும் முற்றத்தையும் கடந்து செல்லும்போது அலை நலிந்துவிடும். கடைகளில் விற்கும் மலிவான வைஃபை நீட்டிப்பான் ஒரே அலையில் வாங்கி அதே அலையில் கொடுப்பதால் வேகத்தை ஏறத்தாழ பாதியாக்கிவிடும். ஒருமுறை கம்பி இழுத்து, அங்கே இரண்டாவது வைஃபைப் பெட்டி ஒன்றை வைப்பது செலவு கூடியது. எனினும் அதுவே நிலையான தீர்வு.

கணினியே காரணமாயின்

அதே இடத்தில் கைத்தொலைபேசி விரைவாக இயங்க, மடிக்கணினி மட்டும் தள்ளாடினால் கணினியைப் பார்க்க வேண்டும். பல நாட்கள் மூடி மூடித் திறக்கப்பட்ட கணினியை முறையாக மறுதொடக்கம் செய்வது முதற்படி. பின்னணியில் விண்டோஸ் புதுப்பிப்போ, புகைப்படங்களை மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றும் செயலியோ ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஊர்த் தொலைக்காட்சி பார்ப்பதற்காக எப்போதோ நிறுவிய விபிஎன் இன்னும் இயங்கிக்கொண்டிருப்பதும் உண்டு. அது எல்லாவற்றையும் வேறொரு நாடு சுற்றி வரச் செய்யும். மின்கலத்தில் இயங்கும்போது மட்டும் மந்தமாயின் மின்சேமிப்பு அமைப்பே காரணமாகலாம். பத்தாண்டு கடந்த கணினிகள் சில 2.4இல் மட்டுமே இயங்குவன. அவற்றுக்குச் சிறிய யுஎஸ்பி வைஃபை இணைப்பி ஒன்று போதும்.

வெளியில் உள்ள தடை

கம்பிச் சோதனையிலும் எண் குறைவாயின், ரூட்டரை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கி அளந்த பின், குறித்துவைத்த எண்களுடன் சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டும். தெருமுனைப் பெட்டியிலிருந்து பழைய செம்புக் கம்பி வழி வரும் இணைப்பில், தொலைவுக்கேற்ப வேகம் குறையும். அவ்வீட்டுக் கம்பி எட்டக்கூடிய உச்ச வேகம் எவ்வளவு என்று நேரடியாகக் கேட்கலாம். வாங்கிய திட்டத்தின் வேகம் அதற்கு மேற்பட்டதாயின், குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றும்படி கோரலாம். இவ்வாறு எட்ட முடியாத வேகங்களை விற்றதற்காக, 2017இல் பெரிய நிறுவனம் ஒன்று சுமார் 42,000 வாடிக்கையாளருக்கு ஈடு வழங்க ஒப்புக்கொண்டது. தகுதியுள்ள முகவரிகளில், உயர்வேகத் திட்டம் ஒன்றைப் பெற இணங்கினால் ஒளியிழையைக் கட்டணமின்றி இழுத்துத் தரும் ஏற்பாடும் உண்டு.

நிறுவனம் செவிசாய்க்காவிடில், தொலைத்தொடர்புத் துறைக் குறைகேள் அதிகாரியிடம் 1800 062 058 என்ற எண்ணில் முறையிடலாம். இச்சேவைக்குக் கட்டணமில்லை, ஆனால் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும். தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளரைப் பெற்று, அவர் வழியாகத் தொடர்பு கொள்ளலாம்.

"உங்கள் இணையம் மெதுவாக உள்ளதா?" என்று வரும் அழைப்பு

இந்த ஒரு கேள்வியால் பணத்தை இழந்தோர் பலர். என்பிஎன்னிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருவர் அழைப்பார். வேகத்தைச் சரிசெய்ய என்று சொல்லி, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் செய்வார். பின் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார். இணையம் உண்மையிலேயே மெதுவாக இருக்கும் வீட்டில் இவ்வழைப்பு நம்பத்தக்கதாகவே தோன்றும். என்பிஎன் நிறுவனம் பொதுமக்களுக்கு நேரடியாக இணையச் சேவை விற்பதில்லை. கணினிக்குள் நுழைய அனுமதி கேட்டும் அழைப்பதில்லை. அத்தகைய அழைப்பை உடனே துண்டித்துவிட்டு, ஐயமிருப்பின் கட்டணச் சீட்டிலுள்ள எண்ணில் சொந்தச் சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டும். ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டால் கணினியை இணையத்திலிருந்து பிரித்து, தாமதமின்றி வங்கியை அழைத்து, பின் ஐடிகேர் அமைப்பை 1800 595 160 என்ற எண்ணில் நாட வேண்டும். வெட்கத்தால் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் ஓரிரு நாள் கடத்துவதே பெரும் இழப்புக்குக் காரணமாகிறது.

நாளைக் காலையே முக்கியமான சந்திப்பு இருந்து, இவற்றைச் செய்ய நேரமில்லையெனில், மடிக்கணினியை ரூட்டருடன் கம்பியால் இணைத்து அதனருகில் அமர்ந்து பேசலாம். அல்லது கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்தலாம். நூலகங்களில் கட்டணமற்ற வைஃபை உண்டு; அந்தரங்கமான உரையாடலுக்குத் தனி அறை கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நன்று.