இயற்கையான நீட்சி

2007 ஆகஸ்ட் 2 அன்று அர்த்தூர் சிலிங்காரோவ் தலைமையில் போன ரஷ்யக் குழு, வடதுருவத்தின் கடலடித் தரையில், நாலாயிரம் மீட்டருக்கும் கீழே, டைட்டானியக் கொடியொன்றை நட்டது. கனடா கோபித்துக்கொண்டது. எனக்கென்னமோ அந்தக் கொடியைவிட ஒரு சொற்றொடர்தான் ஆபத்தானதாகப் படுகிறது.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம், 76ஆம் பிரிவு. கடலோர நாட்டுக்கு 200 கடல் மைல் வரை கடலடி உரிமை எப்படியும் உண்டு. அதற்கப்பாலும் தரை தன் நிலத்தின் 'இயற்கையான நீட்சி' என்று நிரூபித்துவிட்டால், அங்குள்ள எண்ணெயும் கனிமமும் அந்த நாட்டுக்கு. அரசியல் உரிமையொன்று 'இயற்கை' என்கிற வேஷம் கட்டிக்கொள்ளும் இடம் இது.

லோமனோசோவ் மலைத்தொடர் சைபீரியப் பக்கமிருந்து துருவத்தை ஒட்டி கிரீன்லாந்து, கனடா பக்கம்வரை கடலுக்கடியில் சுமார் 1,800 கி.மீ. ஓடுகிறது. 2001இல் ரஷ்யா மனு போட்டது. ஆதாரம் போதாதென்று சொல்லப்பட, 2015இல் திருத்தி மறுபடி போட்டது. கிரீன்லாந்தின் பேரில் டென்மார்க் 2014இல், கனடா 2019இல். ஒரே பாறை, மூன்று பேருக்கும் 'இயற்கையான நீட்சி'. அதை வெறும் 'முகடு' என்றால் உரிமை 350 மைலோடு நின்றுவிடும். கண்டத்தின் அங்கமான 'மேடு' என்றால் இன்னும் தூரம் போகலாம். பிரதிக்குப் பல வாசிப்பு உண்டென்று நாம் குதூகலிக்கிறோமே, இங்கே வாசிக்கவே பனியுடைப்புக் கப்பல் வேணும்.

மனுக்களைப் பரிசீலிக்கும் 21 பேர் ஆணையம் பாறையைப் பற்றித்தான் பேசும். எல்லைத் தகராறை நாடுகளே தீர்த்துக்கொள்ள வேண்டும். (ஒப்பந்தத்தில் சேராத அமெரிக்காவும் 2023இல் அதே 76ஆம் பிரிவைக் காட்டித் தன் எல்லையை அறிவித்துக்கொண்டது. கேட்பார் யார்?)

சரி, எண்ணெய்க்காகத்தானா இவ்வளவும்? ஆர்க்டிக்கில் இன்னும் கண்டுபிடிக்கப்படாத எண்ணெய் 9,000 கோடி பீப்பாய் இருக்கலாமென்று அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 2008இல் மதிப்பிட்டது. கடலடியில் இருப்பதில் பெரும்பகுதி 500 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில்தான். துருவத்தில் நடப்பது வரைபடத்துக்கான சண்டை.

2008இல் இலுலிசாட்டில் கூடிய ஐந்து கடலோர அரசுகள், இருக்கிற சட்டமே போதுமென்றன. மறுவருடம் இனுயிட் சர்க்கம்போலார் கவுன்சில், ஆர்க்டிக் இறையாண்மைப் பேச்சு தங்களை விட்டுவிட்டு நடக்க முடியாதென்று பிரகடனம் வெளியிட்டது. இனுயிட்டுகளுக்கு உறைந்த கடல் வழித்தடம், வேட்டைக்களம். 76ஆம் பிரிவு வண்டலின் தடிமனை அளக்கச் சொல்கிறது. பனிமேல் நடந்தவர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அவர்கள் துருவத்தில் குடியிருந்ததில்லையே என்று கேட்கலாம். மாஸ்கோக்காரனும் கோபன்ஹேகன்காரனும் குடியிருந்தானா? துருவம்வரை நீளுவதாக டென்மார்க் சொல்கிற அந்த நிலத்தில், கிரீன்லாந்தில், வாழ்பவர்களில் பெரும்பாலோர் இனுயிட்டுகள்.